மேலே வெயில், உள்ளே பட்டி: பழைய காருக்குக் குறைந்த ரேட்டில் பெயிண்ட் அடிப்பது லாபமா?

மல்லாங்கிணறு, காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி என்று இந்தக் கரிசல் பக்கத்தில் பத்து வருடம் ஓடிய காரைக் கண்டுபிடிக்க நம்பர் பிளேட்டைப் பார்க்க வேண்டியதில்லை. டாப்பைப் பார்த்தாலே போதும். கதவுகளில் நிறம் ஓரளவு அப்படியே இருக்கும். மேலே மட்டும் வெளுத்து, சுண்ணாம்பு பூத்த மாதிரி நிற்கும். சில கார்களில் பானெட்டின் மேல்தோல், காய்ந்த வெங்காயச் சருகுபோல உரிந்துகொண்டிருக்கும்.

வீட்டில் ஒரு கல்யாணம் வருகிறது. அல்லது குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு போக வேண்டும். அல்லது, காரை விற்றுவிடலாமா என்று ஒரு யோசனை. அப்போதுதான் அந்தப் பேச்சு எழும்: ‘ஒரு ஃபுல் பெயிண்ட் அடிச்சிருவோமா?’

விசாரிக்கப் போனால் தலை சுற்றும். ஒரு பட்டறையில் ஒரு ரேட். இரண்டு தெரு தள்ளி அதில் பாதி. கம்பெனி சர்வீஸ் சென்டரில் அதைப்போல இரண்டு மடங்கு. அடிக்கப்போவது என்னவோ அதே வெள்ளைதான். வண்டியை வெளியே எடுக்கும் அன்று மூன்றுமே கண்ணாடிபோல பளபளக்கும். வித்தியாசம் தெரிய ஒரு சித்திரையாவது கடக்க வேண்டும்.

அப்படியென்றால் குறைந்த ரேட் பெயிண்ட் வீண் செலவா? எல்லோருக்கும் அப்படிச் சொல்லிவிட முடியாது. சில கார்களுக்கு அது புத்திசாலித்தனம். சில கார்களுக்கு அது கண்ணைத் திறந்துகொண்டே கிணற்றில் விழுவது. நம் கார் எந்த ரகம் என்று தெரிய, பெயிண்ட் ஏன் போகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தலைமுடி இரண்டின் கனம்

காரின் இரும்புத் தகட்டின் மேல் இருப்பது ஒரே ஒரு பூச்சு இல்லை. தொழிற்சாலையில் தகட்டைக் கழுவி, பாஸ்பேட் பூச்சு கொடுத்து, முழு பாடியையும் ஒரு பெரிய தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி முதல் பிரைமரை ஒட்ட வைக்கிறார்கள். துருவைத் தடுக்கும் உண்மையான காவலாளி இதுதான். கதவின் உள்மடிப்பு வரை இது போய்ச் சேரும். அதன்மேல் இன்னொரு பிரைமர், அதன்மேல் நிறம் தரும் பேஸ் கோட், கடைசியாக நிறமே இல்லாத கிளியர் கோட். இத்தனையும் சேர்ந்து சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான் வரும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டு தலைமுடியை அடுக்கினால் வரும் கனம், அவ்வளவே.

இதில் வெயிலோடு நேரடியாக மல்லுக்கட்டுவது கிளியர் கோட். சூரியனின் புற ஊதாக் கதிர்கள் அதை வருடக்கணக்காக அரிக்கின்றன. பகலில் கை வைக்க முடியாத சூடு, விடியற்காலையில் குளிர்ச்சி. தகடு விரிந்து சுருங்க, பெயிண்டும் கூடவே இழுபடுகிறது. ஒரு கட்டத்தில் மேல்பூச்சு மங்குகிறது, பிறகு வெடிக்கிறது, கடைசியில் உரிகிறது.

இங்கேதான் இந்த ஊருக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. தூத்துக்குடி, ராமேஸ்வரம் மாதிரி கடலோர ஊர்களில் உப்புக்காற்று காரைக் கீழிருந்தும் இடுக்குகளிலிருந்தும் தின்கிறது. அங்கே முதல் எதிரி துரு. கரிசல் காட்டில் காற்று வறண்டது, மழையும் குறைவு. இங்கே முதல் எதிரி வெயில். அது வருவது மேலிருந்து. அதனால்தான் டாப்பும் பானெட்டும் செத்துப்போன காரில்கூட கதவுகள் உயிரோடு இருக்கின்றன.

ஒரு காரின் வெளிப்புறத்தை எண்ணிப் பாருங்கள். பானெட், டாப், டிக்கி, நான்கு கதவுகள், நான்கு பக்கத் தகடுகள், முன்னும் பின்னும் இரண்டு பம்பர். மொத்தம் 13 பாகங்கள். இதில் வானத்தைப் பார்த்து இருப்பவை மூன்றுதான். டிக்கி நின்றவாக்கில் இருக்கும் சின்னக் கார்களில் இரண்டே இரண்டு. அந்த இரண்டு மூன்று பாகங்களுக்காக 13 பாகங்களுக்கும் பெயிண்ட் அடிக்கிறோமா என்பதுதான் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

பெயிண்டே தேவையா, பாலிஷ் போதுமா?

அதற்கும் முன்னால் ஒரு சின்னச் சோதனை. மங்கிய இடத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். ஈரமாக இருக்கும்போது பழைய நிறம் திரும்பி வந்து, காய்ந்ததும் மறுபடி வெளுத்தால், மேல்பரப்பு மட்டும்தான் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். கட்டிங் பாலிஷ் போட்டாலே பெருமளவு மீண்டுவிடும். செலவும் பெயிண்டில் ஒரு சிறு பங்குதான்.

விரல் நகம் தட்டுப்படும் அளவுக்கு விளிம்பு விட்டு உரிந்திருந்தால், திட்டுத் திட்டாகத் தேமல் மாதிரி பரவியிருந்தால், கிளியர் கோட் போய்விட்டது என்று அர்த்தம். அதற்கு எந்தப் பாலிஷும் வேலைக்கு ஆகாது. உரிந்ததன் மேல் பாலிஷ் போடச் சொல்பவர் உங்கள் பணத்தைத்தான் பாலிஷ் போடுகிறார்.

பாலிஷிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. அது புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. கெட்ட மேல்பரப்பைச் சீவி எடுக்கிறது. கிளியர் கோட்டே சுமார் 35 முதல் 50 மைக்ரான்தான் என்பதால் தீபாவளி, பொங்கல் என்று வருடத்துக்கு இரண்டு முறை கட்டிங் போட்டால், வெயில் செய்ய வேண்டிய வேலையை நாமே செய்து முடித்துவிடுவோம்.

ரேட் குறைவது எங்கே?

பெயிண்டிங் பில்லில் நம் கண்ணுக்குத் தெரிவது பெயிண்ட் டப்பா. ஆனால், காசின் பெரும்பகுதி போவது அதற்கு முந்தைய வேலைகளில். ஒடுக்கு எடுப்பது, பழைய பூச்சைத் தேய்ப்பது, துருவைச் சுரண்டுவது, பட்டி வைத்து உப்புத்தாள் போட்டுச் சமப்படுத்துவது, பிரைமர் அடிப்பது, லைட், கைப்பிடி, பீடிங் ரப்பர் எல்லாவற்றையும் கழற்றுவது. இவை முடியவே பல நாள் ஆகும். ஸ்ப்ரே கன் பிடிப்பது சில மணி நேர வேலைதான்.

அதனால் ரேட்டைப் பாதியாக்க வேண்டுமென்றால் பட்டறைக்கு இரண்டு வழிதான். ஒன்று, இந்த ஆயத்த வேலையைச் சுருக்குவது. லைட்டைக் கழற்றாமல் பழைய பேப்பரும் டேப்பும் ஒட்டி அடிப்பது. தேய்க்காமல் மேலேயே அடிப்பது. இன்னொன்று, பெயிண்ட் வகையையே மாற்றுவது.

அந்த வகைகளைத் தெரிந்துகொள்வது அவசியம். என்.சி. என்று பட்டறைகளில் சொல்வது நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட். தின்னர் ஆவியானதும் காய்ந்துவிடும். சீக்கிரம் காயும், திறந்த இடத்திலும் அடிக்கலாம், விலையும் குறைவு. ஆனால், அது காய்கிறதே தவிர, இறுகிப் பிணைவதில்லை. மறுபடி தின்னர் பட்டால் கரைந்து வரும். வெயிலில் சீக்கிரம் மங்கும். அடிக்கடி பாலிஷ் கேட்கும்.

பி.யூ. அல்லது டூ-கே என்பது பாலியூரித்தேன். பெயிண்டோடு ஹார்டனர் கலந்து அடிப்பார்கள். இரண்டும் ரசாயன முறையில் பிணைந்து கெட்டியாகும். பிறகு தின்னருக்கும் பெட்ரோலுக்கும் எளிதில் அசையாது. வெயிலையும் பல மடங்கு தாங்கும்.

தொழிற்சாலையில் காரை 140 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் சுட்டு எடுக்கிறார்கள். ஓடிய காரை அப்படிச் சுட முடியாது. பிளாஸ்டிக்கும் வயரிங்கும் உருகிவிடும். அதனால்தான் பட்டறைகளில் ஹார்டனர் தேவைப்படுகிறது. நல்ல பூத் உள்ள இடங்களில் சுமார் 60 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து எடுப்பார்கள்.

எது அடித்திருக்கிறார்கள் என்று தெரிய ஒரு வழி இருக்கிறது. பெயிண்ட் நன்றாகக் காய்ந்து சில நாள் ஆன பிறகு, டிக்கியின் உள்விளிம்பு மாதிரி கண்ணில் படாத இடத்தில், தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால் லேசாகத் துடையுங்கள். துணியில் நிறம் தாராளமாக வந்தால் அது என்.சி. பி.யூ. ரேட் வாங்கிக்கொண்டு என்.சி. அடித்தால் இந்தத் துணி காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு காலத்தில் அதிசயம்

இன்று மட்டம் என்று ஒதுக்கும் இந்த என்.சி. பெயிண்ட்தான் ஒரு காலத்தில் கார் உலகையே புரட்டிப் போட்டது. 1920-களின் தொடக்கம் வரை ஒரு காருக்குப் பெயிண்ட் அடித்துக் காய வைக்க வாரக்கணக்கில் ஆனது. ஃபோர்டின் மாடல் டி கார்கள் 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே வந்தன. அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் ‘டூகோ’ என்ற பெயரில் நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டைக் கொண்டுவந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் அதை 1924 மாடல் ஓக்லண்ட் காரில் நீல நிறத்தில் பயன்படுத்தியது. வாரக்கணக்கு மணிக்கணக்காகச் சுருங்கியது. கார்களுக்கு வண்ண வண்ண நிறங்கள் வந்தன. இன்றும் நம் ஊர் மர வேலைக்காரர்கள் வழவழப்பான பெயிண்ட் வேலையை ‘டூகோ’ என்கிறார்களே, அது இந்தப் பெயர்தான்.

குறைந்த ரேட் பெயிண்டிங்கை ஒரு பெரும் தொழிலாகவே நடத்திக் காட்டியவரும் அமெரிக்காவில் இருந்தார். பெயர் எர்ல் ஷைப். 1937-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கினார். எந்தக் காராக இருந்தாலும், எந்த நிறமாக இருந்தாலும் 29.95 டாலர், அதற்குமேல் ஒரு பைசா இல்லை என்று அவரே டி.வி. விளம்பரத்தில் வந்து சொன்னது அந்த நாட்டில் வெகு பிரபலம். கண்ணாடியிலும் டயரிலும் பெயிண்ட் சேர்ந்தே வரும் என்று கேலிகளும் கிளம்பின. ஆனாலும் கூட்டம் குறையவில்லை. அந்த நிறுவனம் 2010-ல்தான் மூடப்பட்டது.

எழுபது வருடத்துக்கும் மேலாக ஜனங்கள் அங்கே போனதற்குக் காரணம் இருக்கிறது. இன்னும் இரண்டு வருடம் ஓட்டப்போகும் காருக்கு, இரண்டு வருடம் தாங்கும் பெயிண்ட் போதும் என்பது சரியான கணக்குதான். ஏமாற்றம் வருவது, பத்து வருடம் வைத்திருக்கப்போகும் காருக்கு அதே பெயிண்டை அடிக்கும்போது.

உப்புத்தண்ணி, ஆடிக்காற்று, கருவேல முள்

நல்ல பெயிண்ட், நல்ல பெயின்டர் இருந்தாலும் இந்த மண்ணில் காலை வாரிவிடும் விஷயங்கள் சில உண்டு.

முதலாவது, தண்ணீர். பிரைமரையும் பட்டியையும் வாட்டர் பேப்பர் போட்டு ஈரத்தில் தேய்ப்பது வழக்கம். இந்தப் பக்கத்தில் பல இடங்களில் போர்வெல் தண்ணீர் உப்பு. அந்தத் தண்ணீரில் தேய்த்துவிட்டுச் சரியாகக் கழுவாமல் அடித்தால், காய்ந்த உப்பு பெயிண்டுக்கு அடியில் தங்கிவிடும். பிறகு ஈரப்பதம் வரும்போதெல்லாம் அது தண்ணீரை உள்ளே இழுக்கும். சில மாதத்தில் வேர்க்குரு மாதிரி சின்னச் சின்னக் கொப்புளங்கள் கிளம்பும். பட்டி வேறு தண்ணீரைக் குடிக்கும் குணம் உள்ளது. அதனால் பட்டியை உலர் தாளில் தேய்ப்பது நல்லது. ஈரத்தில்தான் தேய்ப்பேன் என்றால் கடைசிக் கழுவலுக்காவது நல்ல தண்ணீர் வேண்டும். இரண்டு கேன் தண்ணீர் காசு, ஒரு பேனல் பெயிண்டைக் காப்பாற்றும்.

இரண்டாவது, காற்று. ஆடியில் செம்மண்ணும் கரிசல் புழுதியும் பறக்கும்போது திறந்த பட்டறையில் பெயிண்ட் அடித்தால், பளபளப்போடு மணலும் சேர்ந்து ஒட்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரக்காற்று. என்.சி. பெயிண்ட் அப்போது வெண்மையாகப் பூத்துப்போகும். சித்திரை, வைகாசி உச்சி வெயிலில் தின்னர் தகட்டில் படுவதற்குள் ஆவியாகி, ஆரஞ்சுப் பழத் தோல்போலச் சொரசொரப்பு வரும். தை, மாசிதான் இங்கே பெயிண்ட் வேலைக்கு வாகான காலம். அவசரம் இல்லாதவர்கள் அதுவரை காத்திருக்கலாம்.

மூன்றாவது, முள். கிராமத்துச் சாலைகளில் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. எதிரே ஒரு டிராக்டர் வந்தால் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். ஒதுங்கினால் கதவில் கோடு விழும். தினமும் அப்படிப்பட்ட பாதையில் போகும் காருக்குக் கதவுகளில் காஸ்ட்லி பெயிண்ட் அடிப்பது, முள்ளுக்கு விருந்து வைப்பது மாதிரி.

பட்டிக்கு அடியில் என்ன?

‘பட்டி, டிங்கரிங் பார்த்து ஒப்பேத்தியாச்சு’ என்று பேச்சுவழக்கில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அளவோடு வைத்தால் பட்டி நல்ல பொருள். ஒடுக்கை எடுத்த பிறகு மிச்சமிருக்கும் சின்னப் பள்ளத்தைச் சமப்படுத்துவதற்காக வந்தது அது. ஒடுக்கையே எடுக்காமல் பள்ளம் முழுக்கப் பட்டியால் நிரப்பினால், வெயிலில் தகடு விரியும்போது பட்டி வெடிக்கும். துருவின் மேல் பட்டி வைத்தால் இன்னும் மோசம். வெளியே பளபளப்பு, உள்ளே துரு தன் வேலையைத் தொடரும்.

வறண்ட ஊர் என்பதால் துரு வரவே வராது என்று இருந்துவிட முடியாது. மிதியடிக்குக் கீழே ஈரம் தங்கும் தரை, தண்ணீர் வடியும் ஓட்டை அடைபட்ட கதவின் அடிப்பகுதி, சக்கரத்துக்கு மேல் உள்ள வளைவு, கதவுக்குக் கீழே ஓடும் பக்கப் பட்டை ஆகிய இடங்களில் எந்த ஊரிலும் துரு வரும். கடலோரத்தில் ஓடிய கார்களும் வெள்ளத்தில் நின்ற கார்களும் கைமாறி உள் மாவட்டங்களுக்கு வருவதும் உண்டு.

கதவிலும் பானெட்டிலும் துரு என்றால் அது அழகுப் பிரச்னை. தரையிலும் பக்கப் பட்டையிலும் துரு என்றால் அது உயிர்ப் பிரச்னை. இன்றைய கார்களில் தனியாகச் சட்டம் கிடையாது. பாடியேதான் எலும்புக்கூடு. மோதலில் உள்ளே இருக்கும் பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டிய இரும்பு அது. அங்கே ஓட்டை விழுந்திருந்தால் பெயிண்டுக்கு ஒதுக்கிய பணத்தில் முதல் ரூபாய் வெல்டிங்குக்குப் போக வேண்டும். பளபளப்பு அப்புறம்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு இதுவே பாடம். மெல்லிய துணி சுற்றிய ஒரு சின்னக் காந்தத்தைப் பாடியின் மேல் நகர்த்திப் பாருங்கள். மற்ற இடத்தில் கவ்வுவதும் ஓரிடத்தில் மட்டும் நழுவுவதுமாக இருந்தால், அங்கே பட்டி கனமாக இருக்கிறது. விரல் முட்டியால் தட்டினாலும் தெரியும். தகடு கணீரென்று ஒலிக்கும், பட்டி மொத்தென்று ஒலிக்கும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அங்கே இந்தச் சோதனை செல்லாது.

யாருக்கு எது லாபம்?

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். ஒரு பட்டறையில் முழு பாடிக்கு என்.சி. 20,000 ரூபாய். அது 2 வருடம் பார்க்கும்படி இருந்தால், வருடத்துக்கு 10,000. இன்னொரு பட்டறையில் பி.யூ. 45,000 ரூபாய். அது 6 வருடம் தாங்கினால், வருடத்துக்கு 7,500. நீண்ட நாள் வைத்திருப்பவருக்கு விலை கூடியதுதான் மலிவு. ஆனால், 2 வருடத்தில் காரைக் கொடுத்துவிடப் போகிறவருக்கு அந்த 45,000 ரூபாய் வருடத்துக்கு 22,500 ஆகிவிடுகிறது. அவருக்குக் குறைந்த ரேட்தான் சரி. ரேட் ஊருக்கு ஊர், காருக்குக் கார் மாறும். போட வேண்டிய கணக்கு மாறாது: மொத்தச் செலவை, அது உங்களிடம் இருக்கப்போகும் வருடங்களால் வகுக்க வேண்டும்.

விற்பதற்காகப் பெயிண்ட் அடிக்க நினைப்பவர்கள் இரண்டு முறை யோசிப்பது நல்லது. புதுசாக முழு பெயிண்ட் அடித்த பழைய காரைப் பார்த்ததும், வாங்க வருபவர் மனதில் முதலில் எழுவது சந்தேகம்தான்: ‘எங்கே இடிச்சதுன்னு தெரியலையே?’ போட்ட பணம் விலையில் திரும்பி வருவது அரிது. பாலிஷ் போட்டு, உள்ளே சுத்தம் செய்து, சர்வீஸ் பில்களைக் கையில் வைத்திருப்பது அதைவிடப் பலன் தரும்.

15 வருடத்தை நெருங்கும் கார் என்றால் இன்னொரு கணக்கும் சேரும். சொந்தக் காரின் பதிவு 15 வருடத்துக்குத்தான். பிறகு சோதனைக்குக் காட்டி 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கட்டணமும் பசுமை வரியும் உண்டு. புதுப்பிப்பதா, கொடுத்துவிடுவதா என்று முடிவு செய்யாமல் அதற்கு முந்தைய வருடம் பெயிண்டில் பணம் கொட்டுவது சரியில்லை. நிறத்தையே மாற்றுவதாக இருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அதே நிறம் என்றால் அந்த அலைச்சல் இல்லை.

இனி, டாப்பும் பானெட்டும் மட்டும் போன கரிசல் காட்டுக் காருக்கு வருவோம். இன்னும் ஐந்தாறு வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள், துரு இல்லை, கதவுகள் பரவாயில்லை என்றால், 13 பாகங்களுக்கு மட்டமான பெயிண்ட் அடிக்கும் காசை அந்த இரண்டு மூன்று பாகங்களுக்கு மட்டும் செலவு செய்யலாம். பழைய பூச்சை முழுதாகத் தேய்த்து எடுத்து, நல்ல பிரைமர், பி.யூ. நிறம், இரண்டு கோட் கிளியர் என்று முறையாகச் செய்ய அந்தப் பணம் பெரும்பாலும் போதும். கதவுகளுக்கு ஒரு பாலிஷ். பேனல் கணக்கில் ரேட் பேசும் பட்டறைகள் நிறையவே உண்டு.

நிறம் ஒத்துவருமா என்று பயம் வரும். வெள்ளை போன்ற சாதா நிறங்களில் சேர்ப்பது எளிது. சில்வர் போன்ற மெட்டாலிக் நிறங்களில் கஷ்டம். கதவின் உட்புறத்திலோ பானெட்டுக்குக் கீழோ ஒட்டியிருக்கும் கலர் கோடு எண்ணை வைத்துக் கலந்தாலும், வெளுத்த பழைய நிறத்தோடு பார்த்துச் சரிசெய்ய வேண்டும். ஒரு சின்ன அட்டையில் அடித்து, வெயிலில் கார் பக்கத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். டாப்பும் பானெட்டும் படுத்தவாக்கில் இருப்பதால், கதவுக்குப் பக்கத்துக் கதவு மாறினால் தெரிவதுபோல அவ்வளவு பளிச்சென்று தெரியாது.

இடிபட்டதால் பெயிண்ட் என்றால் இன்ஷூரன்ஸ் உண்டு. வெயிலில் மங்கியதற்குக் கிடையாது, அது தேய்மானம். ‘ஜீரோ டெப்’ இல்லாத சாதா பாலிசியில், பெயிண்ட் பொருளின் விலையில் 50 சதவிகிதம் கழிப்பார்கள். பில்லில் பொருளும் கூலியும் பிரிக்கப்படாவிட்டால் மொத்தத் தொகையில் 25 சதவிகிதம் பொருள் என்று எடுத்துக்கொள்வார்கள். 10,000 ரூபாய் பில்லில் 2,500 பொருள், அதில் பாதி 1,250 கழியும். 1,500 சி.சி. வரை உள்ள கார்களுக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாய் தனி. கிளெய்ம் எடுத்தால் 20-லிருந்து 50 சதவிகிதம் வரை வளர்ந்த நோ கிளெய்ம் போனஸும் போய்விடும். சின்னக் கீறலுக்கு கிளெய்ம் எடுப்பது பல நேரம் நஷ்டம்.

பெயின்டரின் மூச்சு

குறைந்த ரேட்டில் இன்னொரு செலவும் மறைந்திருக்கிறது. அது நம் பில்லில் வராது. பி.யூ. பெயிண்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. தொழில் காரணமாக வரும் ஆஸ்துமாவுக்கு உலகெங்கும் முக்கியக் காரணங்களில் அது ஒன்று. ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால், பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலும் மூச்சு இழுக்கும். மூக்கில் கட்டும் கர்ச்சீப்போ சாதாரணத் துணி மாஸ்க்கோ அதைத் தடுக்காது. வெளிக்காற்றைக் குழாய் வழியாகக் கொண்டுவரும் முகக்கவசமும், காற்றை வெளியே இழுக்கும் பூத்தும் வேண்டும்.

இவற்றுக்குக் காசு செலவு செய்த பட்டறை கொஞ்சம் கூடுதல் ரேட் சொல்லத்தான் செய்யும். ஸ்ப்ரே கன் பிடிப்பது பதினெட்டு, இருபது வயதுப் பையன்களாக இருக்கும் இடங்கள் பல. வண்டியை விடப் போகும்போது, ‘தம்பி, மாஸ்க் இருக்கா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவைப்பதில் நமக்கு ஒன்றும் குறையாது. அடிக்கும் நேரத்தில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பட்டறையில் நிற்பதையும் தவிர்க்க வேண்டும்.

வண்டியை விடுவதற்கு முன் கேளுங்கள்

* என்.சி.யா, பி.யூ.வா? கம்பெனி பெயரோடு பில்லில் எழுதிக்கொடுங்கள் என்று கேளுங்கள்.

* லைட், கைப்பிடி, பீடிங் ரப்பரைக் கழற்றி அடிப்பார்களா, டேப் ஒட்டி அடிப்பார்களா? டேப் ஒட்டிய விளிம்பில்தான் முதலில் உரியும்.

* பம்பருக்குப் பிளாஸ்டிக் பிரைமர் உண்டா? அது இல்லாவிட்டால் பம்பரில் பெயிண்ட் சீக்கிரமே செதில் செதிலாக வரும்.

* பட்டி வைப்பதற்கு முன், துருவைச் சுரண்டிய நிலையில் ஒரு முறை வந்து பார்க்கலாமா? நல்ல பட்டறை இதற்குச் சங்கடப்படாது. குறைந்தபட்சம் போனில் ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள்.

* முன்பு அடித்த கார் எதையாவது காட்ட முடியுமா? நேற்று அடித்ததைப் பார்த்துப் பயனில்லை. இரண்டு கோடை பார்த்த காரைக் காட்டச் சொல்லுங்கள்.

* எத்தனை நாள் ஆகும்? முழு பாடியும் இரண்டே நாளில் என்றால், எதையோ விட்டுவிடப் போகிறார்கள்.

அடித்த பிறகு முதல் ஒரு மாதம் வாக்ஸ், பாலிஷ் எதுவும் வேண்டாம். பறவை எச்சத்தைக் காயவிடாமல் ஈரத்துணியால் எடுத்துவிட வேண்டும். உப்புத்தண்ணியில் கழுவினால் வெயிலில் காயவிடாமல் உடனே துடைக்க வேண்டும். வேப்ப மரத்து நிழல் குளிர்ச்சிதான், ஆனால் பறவையும் பிசினும் சேர்ந்து வரும். நான்கு கம்பு நட்டு ஒரு தகரமோ தென்னங்கீற்றோ போட்டு நிழல் செய்துவிட்டால், அதுதான் இருப்பதிலேயே மலிவான பெயிண்ட் பாதுகாப்பு. டாப்புக்கு அடித்த வெயில் அந்தத் தகரத்துக்கு அடிக்கட்டும்.